பல் போடாத படம்

பெரியவரின் பல்செட்டைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் நர்சம்மா. கை தவறினாலும் உடையக்கூடாதென்று, தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்கு மேலே பிடித்துத்தான் கழுவுவாள். படித்தது முதியோர் பராமரிப்புதான். நர்சம்மா என்பது அந்த வீட்டில் வைத்த பேர்.

கதவு தட்டும் சத்தம்.

“கொஞ்சம் பொறுங்கம்மா, ஐயாவுக்கு இன்னும் பல்லு போடல!”

பல் இல்லாமல் பெற்ற மகளுக்குக்கூட முகம் காட்டமாட்டார் பெரியவர். பஸ் ஓட்டிய காலத்தில் தலை சீவாமல் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லையாம். அதனால் பல் வாய்க்குள் போகும்வரை அறைக்குத் தாழ்ப்பாள். அதைப் போடுகிறவள் நர்சம்மா.

பல்லை மாட்டிவிட்டுத் திறந்தாள். மகள் ஃபோனை நீட்டிக்கொண்டே வந்தாள்.

“அப்பா, இதைப் பாருங்க! எங்க ஆபீஸ்ல ஒருத்தர், அவரோட வாட்ஸ்அப் குழுவுல வந்த படம்னு காட்டினார். நம்ம நர்சம்மா எடுத்ததாம். ஒரு வார்த்தை சொன்னாளா, கள்ளி!”

எந்தப் படமென்று நர்சம்மாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

பெரியவரின் படுக்கைப்புண் ஆறுகிறதா என்று டாக்டருக்குத் தினமும் படம் அனுப்பப்போய் வந்த பழக்கம் அது. ஒரே கோணம், ஜன்னல் வெளிச்சம், நிழல் விழக்கூடாது. புண் ஆறியும் பழக்கம் விடவில்லை. மருந்துப் பாட்டில், திரைச்சீலை மடிப்பு, வாளித் தண்ணீரில் ஆடும் வெயில் என்று எதையாவது எடுத்து, படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். முன்பெல்லாம் வேலை முடிந்தால் கட்டையாக விழுவாள். இப்போது விடிந்ததுமே இன்றைக்கு என்ன கிடைக்கும் என்று கண் தேடியது.

அப்படிக் கிடைத்ததுதான் போன வாரப் படம். பெரியவரின் மத்தியானத் தூக்கம், கன்னத்தில் வெயில், திறந்த வாய். வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரத்தில் எடுத்தாள். குழுவில் ஆளாளுக்குப் புகழ்ந்ததில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பெரியவர் ஃபோனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பல் போட்டிருந்தும் கை தானாக வாயைப் பொத்தியது.

“பல்லு போடாமலா எடுத்த?”

“வெளிச்சம் நல்லா இருந்துச்சு ஐயா...”

சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அழகாத்தானே இருக்கு அப்பா?” என்றாள் மகள்.

“உனக்கு இருக்கும். வாய் என்னோடதாச்சே.” பிறகு நர்சம்மா பக்கம் திரும்பினார். “பெத்த பொண்ணையே வெளிய நிறுத்திட்டு, உள்ள இருந்து நீயே ஊருக்குக் காட்டிட்டியே.”

சுவர்ப்பக்கம் புரண்டுகொண்டார். நர்சம்மா குழுவிலிருந்து படத்தை அழித்தாள். அடுத்தவர் ஃபோனில் போய்ச் சேர்ந்துவிட்டதை அவளால் என்ன செய்யமுடியும்?

மறுநாள் காலை தாழ்ப்பாள் போட்டாள். பல்லைக் கழுவி மாட்டி, சவரம் செய்து, தலை சீவிக் கண்ணாடியை நீட்டினாள்.

“தப்புதான் ஐயா. கேட்டிருக்கணும்.”

அவர் கண்ணாடியைத்தான் பார்த்தார்.

“இப்ப ஒண்ணு எடுக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“சரிங்க.”

ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சவரக் கிண்ணத்தை எடுத்தபோது அவர் கனைத்தார்.

“அந்த நுரையில வெயில் அடிக்குது பாரு. அதை வேணா எடு.”

கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்து எடுத்தாள். அவசரத்தில் படம் கலங்கலாக விழுந்தது. அதை அப்படியே அவரிடம் காட்டினாள்.

“தேறாது,” என்றார். “இன்னொண்ணு எடு.”