எழுந்து நின்றவர்களின் படம்

எங்கள் ஊர்க் கிராம சபை ஒரு பாசுரத்தோடு தொடங்கும். பல ஆண்டுகளாக அதைப் பாடி வந்தவன் நான். சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையை விட்டு உள்ளே வந்தால், பலகைகள் தெலுங்கிலும் பேச்சு தமிழிலுமாக இருக்கும் ஊர் எங்களுடையது. பெருமாள் கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் நாற்பது ஆண்டுகளாகச் சேவித்து வருவதால் சபையிலும் அந்த இடத்தை எனக்கே கொடுத்திருந்தார்கள்.

சபை கூடுவது ஊர் அலுவலகமான சச்சிவாலயத்தின் முன்னால். பந்தல் போட்டு, அதிகாரிகளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் மற்றவர்களுக்குத் தார்ப்பாயும் விரித்திருப்பார்கள். நான் எழுந்து கைகூப்புவேன். தார்ப்பாய் முழுவதும் என்னோடு எழுந்து நிற்கும். பாடி முடித்ததும் எல்லோரும் உட்காருவோம். பிறகு பஞ்சாயத்துச் செயலர் பொருள்களை ஒவ்வொன்றாகத் தெலுங்கில் வாசிப்பார். ஜனங்கள் தமிழில் சண்டை போடுவார்கள். முடிவு தெலுங்கில் எழுதப்படும். கூட்டம் நடந்ததற்குச் சான்றாகச் செயலர் தம் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, நாளும் இடமும் பதிந்த அந்தப் படத்தை மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தப் படத்தை நாங்கள் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

சர்பஞ்ச் என்னும் ஊராட்சித் தலைவர் பதவியில் இருப்பவர் ஓர் இளம்பெண். சபையில் அவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பேசுகிறவர் அவருடைய மாமனார். அவர் என் நண்பர். கோஷ்டியில் நான் முதலடி எடுத்தால் இரண்டாமடி அவர் குரலில்தான் வரும். என் மூச்சு எந்த இடத்தில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவு நெருங்கி நின்றவரைப் பற்றித்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஊருக்கு மேற்கே ஒரு மாங்கூழ் ஆலை இருக்கிறது. மாம்பழக் காலத்தில் அது கழுவி விடும் நீர் புளித்து நாறும். ஒரு பருவம் முழுவதும் அந்த நீரை ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாயில் யாரையும் கேட்காமல் விட்டுப் பார்த்தார்கள். கால்வாய்க் கரையில் ஓர் அம்மாளின் நிலம் இருக்கிறது. கணவர் இல்லை. ஒரு கிணறு, கொஞ்சம் தீவனப் புல், இரண்டு கறவை மாடுகள். இவைதாம் அவருடைய வாழ்வு. அந்தப் பருவத்தில் கிணற்று நீர் பழுப்பேறியது. நிரந்தரமாகக் குழாய் பதிக்க ஆலைக்குச் சபையின் சம்மதம் வேண்டும் என்று தெரிந்ததும் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கினு போவுது சாமி. மாட்டுக்குத் தெரியுது, நம்ம பெரிய மனுசங்களுக்குத் தெரியலியே" என்றார். "சபால நான் பேசறேன். நீங்க பக்கத்துல இருந்தா எவனும் கேலி பேச மாட்டான்."

இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று சபைக்குப் போனபோது செயலர் என்னைத் தனியே அழைத்து, "சாமி, இன்னிக்கி பாட்ட கடைசில வெச்சிக்கலாம். மண்டல ஆபீசர் லேட்டா வர்றாரு. மங்களமா முடிப்போம்" என்றார்.

பக்கத்தில் நின்ற நண்பர் சிரித்தார். "மொதல்ல பாடினா பாதி ஜனம் பாட்டு முடிஞ்சதுமே டீ துன்னுட்டு பூடுது சாமி. கடைசில நீங்க பாடறீங்கன்னா ஒருத்தனும் நவுர மாட்டான்."

டீயைத் தின்பார்களா என்று நானும் சிரித்தேன். என் பாட்டுக்காக ஜனங்கள் காத்திருப்பார்கள் என்ற சொல் என் மனத்தில் இனித்தது. அடியார்க்கு அடியார் என்று நாள்தோறும் சொல்லும் வாய்தான் இது. அந்த இனிப்பை நான் துப்பவில்லை.

அம்மாள் பேசினார். கிணறு, மாடு, நாற்றம் என ஒன்றும் விடாமல் சொன்னார். நான் அருகில் அமர்ந்திருந்ததால் யாரும் கேலி செய்யவில்லை. நண்பர் கவனமாகக் கேட்டு, செயலரைப் பார்த்து, "எழுதிக்கோ நைனா, அம்மா சொன்னத அப்படியே எழுதிக்கோ" என்றார். செயலர் எழுதினார். அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் பாட வேண்டியிருந்ததால் நான் முன்னே, செயலரின் அருகே போய் அமர்ந்தேன். மற்றப் பொருள்களும் வந்தன. தெருவிளக்கு, பள்ளிச் சுற்றுச்சுவர், குப்பை வண்டி. எல்லாவற்றுக்கும் பின் செயலர் ஒரு தாளை எடுத்து விரைவாக வாசிக்கத் தொடங்கினார். அப்போது நண்பர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாசிப்பு முடிந்த அதே மூச்சில், "சாமி, பாடுங்க" என்றார்.

எழுந்தேன், கைகூப்பிக் கண்மூடிப் பாடினேன். சபை எழுந்து நின்ற ஓசை கேட்டது. அன்று குரல் நன்றாக வாய்த்தது என்றுகூட வீட்டில் வந்து சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துக் கால்வாய்க் கரையில் குழாய்கள் வந்து இறங்கின. அம்மாள் ஓடி வந்தார். செயலரைக் கேட்டால், "சபா ஒத்துக்கிச்சேம்மா, நீயும் இருந்தியே" என்றாராம். எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது, மேலே சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நம்பி, மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை இருவரும் பேருந்தேறிச் சித்தூருக்கு மனுக் கொடுக்கப் போனோம். மனு வாங்கிய அதிகாரி பொறுமையானவர். அம்மாள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு தம் கணினியில் எதையோ தேடி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் எங்கள் பந்தல். நடுவில் கண்மூடிக் கைகூப்பி நான். எனக்குப் பின்னால் ஊரே எழுந்து நின்றது. கீழே தெலுங்கில் இரண்டு வரிகள்: ஆலையின் கழிவுநீர்க் குழாய்க்குச் சபை எழுந்து நின்று ஒருமனதாகச் சம்மதம் தெரிவித்தது.

அதிகாரி விரலால் பின்வரிசை ஒன்றைக் காட்டினார். "இதி மீரேனா அம்மா? நீங்கதானே?"

அங்கே அம்மாள் நின்றிருந்தார். தலையில் முந்தானை, மார்பின் முன் கூப்பிய கை.

"நான்தான் சார்" என்றார். "சாமி பாட்டுக்கு நின்னேன் சார். பாட்டு பாடுனா உக்காந்துக்கினா இருப்பாங்க?"

"படத்துல பாட்டு கேக்காது அம்மா" என்றார் அதிகாரி. ஏளனமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவே சொன்னார். சபை மறுபடி கூடி வேறு தீர்மானம் எழுதினால், அல்லது படத்தில் இருப்பவர்கள் எதற்காக நின்றோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், மேலே வைக்கலாம் என்றார்.

அம்மாள் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி வரும் பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நிறுத்தம் நெருங்கியபோது ஒன்று மட்டும் கேட்டார்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சாமி?"

தெரியாது என்றேன். அவர் தலையசைத்தார். நம்பியதற்கான அசைவா என்று எனக்குத் தெரியவில்லை.

நண்பரின் வீட்டுக்கு நேரே போனேன். ஊஞ்சலில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார். உட்கார மறுத்தேன்.

"நான் பொய் எழுதல சாமி" என்றார். "எல்லாரும் எழுந்து நின்னாங்கன்னு எழுதச் சொன்னேன். நின்னாங்களா, இல்லியா?"

"எதற்கு நின்றார்கள் தம்பி?"

"அத்த ஃபாரத்துல கேக்க மாட்டாங்க." சற்றே குரலைத் தணித்துக்கொண்டார். "ஆலைக்காரன் ஊருக்கு ரோடு போட்டுத் தர்றேன்றான். நம்ம பசங்களுக்கு வேல தர்றேன்றான். ஒரு கெணறு சாமி, ஒரே ஒரு கெணறு. கோஷ்டி மண்டபத்துக்கு ஷீட் போட்டாங்களே, அது யாரு குடுத்ததுன்னு நெனச்சிக்கினு கீறீங்க? மழையில நனையாம பாடறீங்க இல்ல?"

உபயம் ஓர் அடியார் என்றே அப்போது எனக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கூரையின் கீழ் இரண்டு மழைக்காலம் பாடிவிட்டேன். பெருமாளுக்கு நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று உண்டு. அவற்றின் பொருளை மணிக்கணக்கில் விரித்துச் சொல்லியிருக்கிறேன். என் ஊரார் நின்ற கோலத்துக்கு இன்னொருவர் இப்படிப் பொருள் எழுதுவார் என்று நான் எண்ணியதே இல்லை. அதுவும் என் சொற்பொழிவுகளில் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்.

அடுத்த சபை கூடியபோது, "இந்த வாட்டி பாட்டு மொதல்லயே" என்று நண்பர் அறிவித்தார். பாட மாட்டேன் என்றேன். சலசலப்பு எழுந்தது. "சாமிக்குக் கோவமாம்" என்றான் ஒருவன். "கோவம் பெருமாள் மேலயா, நம்ம மேலயா?" என்றான் மற்றவன். கோஷ்டியில் எனக்கு இடப்பக்கம் நிற்பவர் எழுந்து, நான் வழக்கமாகப் பாடும் அதே பாசுரத்தை அதே இராகத்தில் எடுத்தார்.

ஊர் எழுந்து நின்றது. அம்மாள் எழவில்லை. தார்ப்பாயில் காலை மடக்கி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பின்னாலிருந்து யாரோ, "எழுந்திரும்மா, சாமி குத்தம் ஆவும்" என்றார்கள். அவர் அசையவில்லை. அப்போதுதான் அவர் என்னை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டேன். நான் நின்றுகொண்டிருந்தேன். பாட மறுத்தவனுடைய கைகள் கூப்பியிருந்தன. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. நாற்பது ஆண்டுப் பழக்கம் என்னைக் கேட்காமல் என் உடம்பை எழுப்பிவிட்டது. அரைப் பாட்டில் உட்காரவும் மனம் வரவில்லை. செயலர் கைப்பேசியை உயர்த்தினார்.

பாட்டு முடிந்ததும் நான் பேசினேன். சென்ற முறை ஜனங்கள் எழுந்தது இறைவனுக்காக, குழாய்க்காக அன்று. அந்தத் தீர்மானத்தை நீக்க வேண்டும் என்றேன். நீக்கச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கட்டும் என்று அம்மாள் உரக்கக் கேட்டார். நண்பர் மறுக்கவில்லை. "தாராளமா தூக்குங்க" என்றார்.

அம்மாளின் கை. என் கை. கால்வாய்க் கரையில் நிலம் உள்ள இன்னும் சிலருடைய கைகள். விடியற்காலையில் என்னோடு நின்று ஒரே குரலாய்ச் சேவிக்கும் கோஷ்டியார் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் தார்ப்பாயின் கிழிசலைத் தடவிக்கொண்டிருந்தார். பாசுரம் பாடியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவர்களில் ஒருவர் கையும் எழவில்லை. "எண்ணிக்கோ நைனா" என்றார் நண்பர், எண்ண வேண்டிய அவசியமே இல்லாத அந்தக் கைகளைப் பார்த்து.

மறுநாள் அம்மாள் ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். படத்தில் இருப்பவர்கள் எழுதித் தரலாம் என்று அதிகாரி சொன்னதை அவர் மறக்கவில்லை.

"நீங்க என்கூட வர வேணாம் சாமி. அன்னிக்கி இன்னா நடந்துச்சோ அத்த எழுதிக் குடுங்க. போதும்."

தெலுங்கில் எழுதினேன். மக்கள் இறைவன் திருவடியை எண்ணி எழுந்தனர், அவர்தம் பக்தியைச் சம்மதமாகத் திரித்தது அறமன்று என்று நல்ல நடையில் ஒரு பக்கம் எழுதித் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"இதுவும் பாட்டு மாதிரியே கீது" என்றார். "செக்ரட்டரி அன்னிக்கி கடைசியா ஒரு பேப்பர படிச்சாரு. நான் தூரத்துல இருந்தேன், எனக்கு வெளங்கல. நீங்க அவருகிட்டயே இருந்தீங்க. உங்க காதுல உழுந்துதா, உழுவலியா? அத்த எழுதுங்க."

பேனாவை மூடி வைத்தேன், மறுபடி திறந்தேன்.

பிறகு அந்தத் தாளைத் திருப்பிப் பின்புறம் எழுதினேன். குழாய்க்கான தீர்மானம் வாசிக்கப்பட்டபோது நான் மூன்றடி தூரத்தில் அமர்ந்திருந்தேன். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் கேட்கவில்லை. அடுத்துப் பாட வேண்டியதற்காக மனத்துக்குள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். என் பாட்டுக்காகவே மக்கள் எழுந்தார்கள். எதற்குச் சம்மதம் கேட்கப்பட்டது என்பது பாடிய எனக்கும் தெரியாது. எழுந்து நின்ற இந்த அம்மாளுக்கும் தெரியாது.

வாசித்துக் காட்டினேன்.

"ம்" என்றார் அம்மாள். "இதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க. மொதப் பக்கத்த அடிச்சிடுங்க."

அடித்தேன். கையெழுத்திட்டேன். மை காயும் வரை தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், திங்கட்கிழமை முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.