ஆற்றுவாய் வெட்டின கிழமை

தைப்பொங்கலுக்குப் பிறகு பெய்த மழை அது. பெய்யத் தேவையில்லாத மழை. கதிர் முற்றி, வெட்டுகிற மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்த நேரம். ஞாயிறு விடிய ஆற்றங்கரையில் நின்று அக்கரையைப் பார்த்தேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. இந்தப் பக்கம் வீடும் கடலும், அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல். வட்டை என்கிற அந்த வயல்வெளியின் பள்ளத்தில், ஆற்றை ஒட்டி என் வயல் கிடக்கிறது. வரம்பு தெரியவில்லை. கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீரில் படுத்திருந்தது. நான் அழவில்லை. வந்து உலை வைத்தேன்.

வீட்டையும் வளவையும் மகளின் கலியாணத்தோடு அவளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வயலை மட்டும் நான் விடவில்லை. அது என் தாய் எனக்குத் தந்தது. மகள் வீட்டில் இருந்தாலும் என் நெல்லைக் குற்றித்தான் நான் சோறு தின்றேன். மருமகனின் உழைப்பில் உடம்பு வளர்க்கிறாள் என்று ஒருத்தர் வாய் திறக்க நான் இடம் வைக்கவில்லை.

மருமகன் ஆற்றில் இறால் பிடிக்கிறவர். வந்த நாளிலிருந்து நானும் அவரும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதை. அவர் முற்றத்தில் இருந்தால் நான் குசினியில் அடுப்போடு. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவள் கொண்டுபோவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மகள் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு சொல் கொண்டுபோக ஆள் இல்லாமல் போயிற்று. அவளுக்கு வெள்ளிக்கிழமையில்தான் போன் கிடைக்கும். அதனால் நான் கோழியிடம் பேசத் தொடங்கினேன். கோழி, சோறு மூடி வைத்திருக்கு என்பேன். அவர் நாயிடம் சொல்வார், நான் வெளிக்கிடுறன், படலையைச் சாத்தச் சொல்லு என்று. நாய் வாலை ஆட்டும். வீடு நடந்தது.

திங்கட்கிழமை வட்டைவிதானை வந்தார். வயல்காரருக்குத் தலைவர் அவர். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும். ஆனால் இறாலும் ஓட்டத்தோடு கடலுக்குப் போய்விடும் என்று மீன்காரர் தடுக்கிறார்களாம். இரண்டு பக்கமும் ஓம் என்றால்தான் அரசாங்கக் கந்தோர்க்காரர் வெட்ட விடுவார்களாம். மீன்காரரில் என் மருமகனின் பேச்சுக்கு ஒரு எடுப்பு உண்டு.

"நீங்க ஒருக்கா சொல்லுங்க அக்கா."

"நான் அவரோட கதைக்கிறல்ல."

"இவ்வளவு வருசமாவோ? என்ட பெண்சாதிக்கும் இதைக் கொஞ்சம் பழக்கிவிடுங்க."

சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் நனைந்த நெல் இன்னும் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். அவருடைய வயலும் அங்கேதான்.

பின்னேரம் மருமகன் முற்றத்தில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் நின்று குறுணல் போட்டேன்.

"கோழி, பார்த்துத் தின்னு. என்ட வயல் தண்ணிக்குள்ள கிடக்கு. இனி எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒருவரிடம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவர் தலையைத் தூக்கவில்லை. பின்னிக்கொண்டே நாயிடம் சொன்னார்.

"இறால் இப்பதான் பெருத்து வருது. எங்களுக்கு வருசத்தில இருக்கிறதே இந்த ஒரு மாசம்."

அதுவும் சரிதான். நான் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு பக்கமும் கூடின கூட்டத்தில் முதல் ஓம் சொன்னது அவர்தான் என்று வட்டைவிதானை வந்து சொன்னார். மாமிட வயலுக்காகக் கடலைத் திறக்கிறான் என்று மற்ற மீன்காரர் பழித்தார்களாம். ஓம் சொன்ன பிறகும் கந்தோரில் அனுமதி கிடைக்க இன்னும் ஒரு நாள் போயிற்று. கிடைத்ததும் மண்வெட்டியோடு முன்னுக்கு நின்றதும் அவர்தான்.

தண்ணீர் இறங்கின பிறகு அவரே தோணியில் அக்கரைக்குப் போய் வயலைப் பார்த்து வந்தார். கையில் ஒரு பிடி கதிர். குசினி வாசலில் வைத்தார். நாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எடுத்துப் பார்த்தேன். மணிக்கு மணி பச்சை முளை. மாட்டுக்குப் போட்டேன். அவருடைய வலையும் வேலியில் சும்மாதான் காய்ந்தது.

வெள்ளிக்கிழமை மகள் கதைத்தாள். நெல் வெட்டியாச்சோ என்று கேட்டாள். தண்ணீர் இறங்கிவிட்டது என்றேன். அவரிடம் இறால் எப்படி என்று கேட்டாள். ஆற்றுவாய் வெட்டியாச்சு என்றார். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. மறுகா நெல்லையோ இறாலையோ அவள் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அவர் கடை அரிசி ஒரு மூட்டை கொண்டு வந்தார். முற்றத்தில் வைக்கவில்லை. நான் நிற்கிற குசினிக்குள் வந்து, என் நெல்லுப் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கினார்.

"மாமி, அரிசி."

"ஓம்," என்றேன்.

கோழி காலுக்குள் நின்றது. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். வெந்ததும் அவருக்கு மூடி வைத்துவிட்டு நானும் தின்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நான் கோழியோடும் அவர் நாயோடும்தான் பேசுகிறோம். அரிசி முடிந்தால் மட்டும் நான் கோழியிடமும் சொல்வதில்லை. அவரே வந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்.