அண்ணன் சொன்ன ஜதூப்

எங்கள் அண்ணன் சோரியாங்குப்பத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் தலைமகனாகப் பிறந்தார். அப்பா திடீரென்று மறைந்ததும் கல்லூரியை விட்டுவிட்டுக் கரிக்கலாம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்தார். என்னைப் படிக்க வைத்து, நெட்டப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். இவ்வளவும் நீங்கள் அறிந்ததே. அவருடைய சதுரங்கத்தைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

கறுப்புக் காய் வந்தால் அண்ணன் பிரெஞ்சு டிஃபென்ஸ்தான் ஆடுவார். எதிராளி ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், இவர் தன் சிப்பாயை ஒரு கட்டம்தான் தள்ளுவார். அதனால் ஒரு பிஷப் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுவிடும்.

"பிரெஞ்சுக்காரனே போய்ட்டான், நீ இன்னும் வுடலியா?" என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள்.

"பிஷப்பு வூட்லயே கெடக்கட்டும்பா. வூடு பத்திரமா இருக்குதில்ல?" என்பார்.

வில்லியனூரில் நடந்த தேர்வுப் போட்டியில், கடைசி ஆட்டத்தை வென்றால் புதுச்சேரி அணியில் இடம். அண்ணன் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அன்றும் அதே தொடக்கம். ஆட்டம் அவர் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, கோணலாக நின்ற அந்த பிஷப்பை விரலால் நேராக்கினார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. நேராக்க மட்டும் தொடுவதானால் முதலில் "ஜதூப்" என்று சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுச் சொல், 'சரிசெய்கிறேன்' என்று பொருள். எதிராளி கையைத் தூக்கினார். நடுவர் வந்து கேட்டார்.

"சொன்னேனா இல்லியான்னு எனக்கே தெரியலபா. சொல்லலன்னே வச்சிக்கோ" என்றார் அண்ணன்.

பிஷப்பை வைக்க இருந்த ஒரே கட்டம், அவருடைய ராணி தப்ப வேண்டிய வழி. தோற்றார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதன் பிறகு காலண்டரோ சாப்பாட்டுத் தட்டோ, வீட்டில் எதை நேராக்கினாலும் "ஜதூப்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அம்மாவுக்கு அது பூவின் பெயராகக் கேட்கும். "இன்னாடா, எதுக்கெடுத்தாலும் சாதிப்பூன்ற?" என்பார். பொருள் தெரிந்த பிறகு, சாமி படத்தை நேராக்கும்போது அம்மாவும் "சாதிப்பூ" சொல்ல ஆரம்பித்தார்.

சிறுநீரகம் பழுதான கடைசிக் காலத்திலும் அண்ணன் முகம் சுளித்ததில்லை. டயாலிசிஸுக்குத் தன் ஆட்டோவில் அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த சதுரங்க நண்பர்கள், அண்ணிக்குத் துணை நின்ற தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைக் கிடத்தியிருந்தபோது மார்பில் கிடந்த மாலை சரிந்தது. "சாதிப்பூ" என்று சொல்லிவிட்டு அம்மா அதை நேராக்கினார். அம்மா பூ கேட்கிறார் என்று நினைத்து, கூட்டத்திலிருந்த உறவினர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு முழம் வாங்கி வந்து நீட்டினார். அம்மா வாங்கி அண்ணன் கையருகே வைத்தார். அந்தப் பூவும் அவரோடு போயிற்று.