உள்ளே ஒட்டுப்பலகை

மரக்கடையில் வேலை பார்ப்பவன் பொய் சொல்லவே வேண்டியதில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்தாலே வியாபாரம் நடக்கும். கடைச் சாமானுக்கும் வாங்க வந்தவருக்கும் நடுவில் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு மரக்கடையில் அப்படி நின்றவன் நான்.

ஆசாரியின் கேள்வி

ஒட்டுப்பலகை எங்கள் கடைக்கு முதலில் வந்தபோது அதை மரம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மெல்லிசாகச் சீவிய மரத்தை அடுக்கடுக்காகப் பசை வைத்து அழுத்திய பலகை அது. மேலே மட்டும் தாள் கனத்துக்குத் தேக்கு. எங்களுக்கு பீரோ செய்துதரும் ஆசாரி ஓரத்தைக் கடித்துப் பார்த்துத் துப்பினார். வெயிலுக்கு வளையாது, வெடிக்காது, விலையும் பாதிதான் என்று முதலாளி சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி, மழை பேஞ்சா என்ன பண்ணும்னு மட்டும் சொல்லலையே" என்றார்.

ஆறு பேர் தூக்கிய பீரோ

கீரமங்கலத்திலிருந்து சின்னக்கண்ணு என்ற விவசாயி வந்தார். ஒரே மகள் பாக்கியத்தைக் குளத்தூரில் கொடுக்கிறார். சீரில் தேக்கு பீரோ கட்டாயம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். தேக்கு விலையைக் கேட்டதும் மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. ஒட்டுப்பலகை பீரோவைக் காட்டினேன். உள்ளே இருப்பது என்ன என்பதை மறைக்கவில்லை. பாலீஷ் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவருக்கு மிஞ்சிய கவலை கனம்தான். சீர் வண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஆட்கள்தான் இறக்குவார்கள். தேக்கு பீரோ என்றால் நாலு பேர் வேண்டும். இதை இரண்டு பேரே தூக்கிவிடலாம். அதற்கும் வழி சொன்னவன் நான்தான். சீர்ப் பாத்திரங்களை உள்ளே அடுக்கிப் பூட்டிவிடுங்கள் என்றேன். கல்யாணம் முடிந்த வாரமே பலாப்பழத்தோடு வந்து நின்றார். "ஆறு பேரு தூக்குனாங்க தம்பி. தேக்குன்னா தேக்குதான்னு சம்பந்தியே சொல்லிட்டாரு."

ஐப்பசி மழை

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. குளத்தூர் வீட்டில் ஓடு ஒழுகி, பீரோவின் காலடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றிருக்கிறது. அடிப்பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று மாமியார் கத்த, பாக்கியம் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். அது தேக்குதான், என் அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று. உள்ளூர் ஆசாரி வந்து உளியை வைத்ததும் எல்லாம் முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று பீரோவையும் பெண்ணையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சின்னக்கண்ணு கடைக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கடையிலதான் தேக்குன்னு சொல்லிக் குடுத்தோம்னு குளத்தூருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. பழி ஒங்களோட போயிரும், எம்புள்ள புருசன் வீட்டுக்குப் போயிரும்."

முதலாளி

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் விசிறிக்கொண்டே தெருவைப் பார்த்தார். வேலை போய்விட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. கணக்கு நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். சின்னக்கண்ணு செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனார். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. முதலாளி அப்போதுதான் வாயைத் திறந்தார். "மிச்சமிருக்குற ஒட்டுப்பலகை பீரோவ முன்னுக்கு இழுத்துப் போடுப்பா, தை முகூர்த்தத்துக்கு ஆள் வரும்."

பங்குனியில் வந்தவள்

பங்குனியில் ஒரு பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். பெயரைச் சொன்ன பிறகுதான் அது பாக்கியம் என்று தெரிந்தது. தையிலேயே மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்களாம். சண்டை போட வரவில்லை என்றாள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அப்பா சொல்கிறார். ஆனால் கடையிலிருந்து யாரும் வந்து சொல்லாததால் அவளால் அதை நம்ப முடியவில்லை. ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரோடு பேசவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டும்.

"அவருக்குத் தெரியாதும்மா. நான்தான் தேக்குன்னு சொல்லி வித்தேன்" என்றேன். குளத்தூரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய அதே பொய், இப்போது தடங்கலே இல்லாமல் வந்தது. அவள் முகம் தெளிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கியவள் திரும்பி நின்றாள். "இத அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமேண்ணே."

அதற்குப் பிறகு யார் பீரோ பார்க்க வந்தாலும், கேட்பதற்கு முன்பே உள்ளே ஒட்டுப்பலகை, தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்று சொல்லிவிடுவேன். வியாபாரம் படுத்துப்போனதற்கு முதலாளி கடைசிவரை மழையைத்தான் குறை சொன்னார்.