நாலு கை டீச்சரின் மூக்கு

என் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பெயர் 'நாலு கை டீச்சர்'. கார்பனுக்கு நாலு கை, ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு கை என்று சொல்லித்தான் ஒவ்வொரு வருஷமும் கரிம வேதியியலை ஆரம்பிப்பாள். ஒரு கார்பன் நாலு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால் மீத்தேன். இரண்டு கார்பன் கைகோத்துக்கொண்டு மிச்சக் கைகளில் ஹைட்ரஜனைப் பிடித்தால் ஈத்தேன். அதில் ஒரு ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாக வந்து ஒட்டிக்கொண்டால் எத்தனால் என்கிற ஆல்கஹால். "ஒரே ஒரு கையில ஆள் மாறினதுக்கே வாயு திரவமாயிடுச்சு, பாத்தீங்களா?" என்பாள், ஏதோ தானே போய் மாற்றிவிட்டு வந்த மாதிரி. பக்கத்து அறையில் நான் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன். நடுவில் இருப்பது மெல்லிய தடுப்பு. என் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் வந்ததோ இல்லையோ, மீத்தேனும் ஈத்தேனும் தலைகீழாக வரும்.

அண்ணனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் முன் அவள் கேட்ட ஒரே கேள்வி, "உங்க வீட்டுப் பக்கத்துல லேப் இருக்கிற ஸ்கூல் இருக்கா?" என்பதுதான். அண்ணன் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருப்பவன். அந்தப் பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. பிறகு எங்கள் பள்ளிக்கே வந்து, ஒட்டடை பிடித்துக் கிடந்த சோதனைக்கூடத்தைத் துடைத்து எடுத்தாள். அமிலம் பட்டுக் கறுத்த மேசைகள், அடைத்துக்கொண்ட தொட்டி, வெளிச்சுவரோரம் கேஸ் சிலிண்டர், அங்கிருந்து மேசைக்கு மேசை போகும் குழாய்கள். எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். அந்த அறையின் சாவியை யாரிடமும் தரமாட்டாள். அவளைக் கேலி செய்ய எனக்கு ஆயிரம் விஷயம் உண்டு. ஆனால் அந்த அறைக்குள் அவள் நிற்கும்போது மட்டும் என் வாய் எழாது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கின் வேலையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, மழை, கருகின பால் எதுவும் தெரியவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கட்டின புருஷனிடம்கூட. வெளியே தெரிந்தால் லேப் போய்விடுமோ என்ற பயம்தான். எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். தெரிந்தபோது வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

வேதியியலில் மூக்கு இல்லாமல் எவ்வளவோ சமாளிக்கலாம். இரட்டைப் பிணைப்பு உள்ள ஹைட்ரோகார்பனில் புரோமின் நீரை விட்டால் அதன் நிறம் மறைந்துவிடும், அதைக் கண் பார்த்துக்கொள்ளும். ஆல்கஹாலில் ஒரு துண்டு சோடியம் போட்டால் குமிழி குமிழியாக ஹைட்ரஜன் வரும், அதற்கும் கண் போதும். ஆனால் எஸ்டர் அப்படியில்லை. எத்தனாலோடு அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்து, ரெண்டு சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு, சுடுதண்ணீரில் சோதனைக்குழாயை வைத்துச் சூடாக்கி, சோடா உப்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். பழ வாசனை வந்தால் எஸ்டர் வந்துவிட்டது. வெறும் காடி நெடி வந்தால் சரியாகச் சூடாக்கவில்லை. எங்கள் பள்ளி வசதிக்கு அதைக் கண்டுபிடிக்க மூக்கை விட்டால் வேறு கருவி கிடையாது.

அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். குழாயைத் தன் மூக்கருகே ஒப்புக்குக் கொண்டுபோவாள், கண்ணை மட்டும் பிள்ளையின் முகத்தில் வைத்திருப்பாள். முகம் மலர்ந்தால் முழு மதிப்பெண், சுளித்தால் பாதி. இரண்டு வருஷம் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

போன மாதச் செய்முறைத் தேர்வில் ஒரு பெண் குழாயை முகர்ந்ததும் முகத்தை அப்படிச் சுளித்தாள். அண்ணி பாதி மதிப்பெண் போட்டாள். நான் மேற்பார்வைக்காக வாசலருகே நாற்காலியில் இருந்தேன். அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்காதவள். அன்றைக்கு நகராமல் நின்றாள்.

"எனக்கு எஸ்டர் வந்துச்சு டீச்சர்."

"வந்தா ஏம்மா மூஞ்சிய அப்படி வெச்ச?"

"எங்கம்மா செருப்புக் கம்பெனியில அடிப்பாகம் ஒட்டுறாங்க. அந்தப் பசை இதே வாசனைதான் அடிக்கும். சாயந்திரம் வந்து தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்க. எனக்கு இந்த வாசனையே ஆகாது." பிறகு குழாயை நீட்டினாள். "நீங்களே மோந்து பாருங்க டீச்சர்."

அவள் சொன்னது சரி. பல பசைகளில் கரைப்பானாக ஊற்றுவது அதே எஸ்டர்தான். அண்ணி குழாயை வாங்கிக்கொண்டாள். அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாம்மா, வந்திருக்கு" என்று ஒரு பொய்யைச் சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தியிருக்கலாம். மூச்சை இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். அவள் கண் நிறைந்ததை நான் பார்த்தேன், ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"எனக்கு வாசனை தெரியாதும்மா," என்றாள். "ரெண்டு வருஷமா தெரியாது. உன் மூஞ்சியப் பாத்துத்தான் மார்க் போட்டேன். தப்பு என்னோடது."

அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டாள். மற்றவர்களின் குழாய்களை எல்லாம் என்னை முகர்ந்து சொல்லச் சொன்னாள். கணக்கு டீச்சர் மூக்கைச் சிந்திச் சிந்தி எஸ்டர் பார்த்த அழகைப் பிள்ளைகள் இன்னும் நடித்துக்காட்டுகிறார்கள்.

சாயந்திரம் அவளோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாள் மென்று விழுங்கியதைத் துப்பியாகிவிட்டது, இனி யாராவது ஒரு டீச்சர் கூட நின்று முகர்ந்து சொன்னால் லேப் பாட்டுக்கு நடக்கும் என்று திட்டமெல்லாம் போட்டுவிட்டாள். அண்ணன் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். அவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும்," என்றான் அவன், துண்டில் கையைத் துடைத்தபடி.

"என்ன தெரியும்?"

"உனக்கு வாசனை வரலன்னு. பால் அடிப்பிடிச்சு வீடே நாறினப்போ பக்கத்துல உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டிருந்தியே, அன்னிக்கே."

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சும்மா ஒண்ணும் இல்ல. தினம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடியும் படுக்கறதுக்கு முன்னாடியும் அடுப்படி கேஸ் ரெகுலேட்டர மூடிட்டுத்தான் போவேன்."

அண்ணிக்குக் கோபமும் வெட்கமுமாக வந்தது. எனக்கோ அண்ணன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினான்.

"வீட்டுக்கு நான் இருந்தேன். அங்க யாரு இருந்தா?"

ஒவ்வொரு வருஷமும் அண்ணி நடத்துகிற பாடம் எனக்கே மனப்பாடம். சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொந்தமாக வாசனையே கிடையாது, கசிந்தால் ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு துர்நாற்றத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள், அந்த வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும். இதைச் சொல்லிக்கொடுத்தவள்தான் இரண்டு வருஷமாகக் காலையில் முதல் ஆளாக அந்த அறையைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். ஒருநாள், ஒரே ஒருநாள், யாராவது ஒரு கேஸ் குழாயைச் சரியாக மூடாமல் போயிருந்தால்? அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் தலைமையாசிரியையின் அறைக்கு நானும் கூடப் போனேன். மதிப்பெண் விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அவர் நல்ல மனுஷி.

"பிள்ளைங்க முன்னாடி உண்மையச் சொன்னீங்களாமே டீச்சர். எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல, நீங்க எப்பவும்போல லேபைப் பாத்துக்கங்க," என்றார்.

மதிப்பெண் விவகாரம் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி முடிந்தது. அண்ணி அப்படியே நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அவள் எழுந்து வந்துவிட வேண்டும் என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

அவள் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மார்க்குல மட்டும் இல்ல மேடம். கேஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ரெண்டு வருஷமா பிள்ளைங்கள உள்ள கூட்டிக்கிட்டுப் போனேன். வகுப்புல பாடம் நடத்தறேன். லேபை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருக்கும் விஷயம் உறைத்தது. சாவியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லத்தான் அண்ணி வந்தாள், அதுதான் நியாயமும்கூட. ஆனாலும் அந்த இழுப்பறை மூடிய பிறகும் அவள் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள், யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடமாட்டார்களா என்று.