பாராட்டினால் காய்ச்சல் வரும்

1. ஹோம்வொர்க்கின் பலன்

பெற்றோர் வகுப்பு நடத்தும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், எந்தப் பாடம் கஷ்டம்?" என்பதுதான். பிள்ளையை அடிக்காமல் வளர்க்கும் பாடம் என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. பாராட்டுதான் கஷ்டம். அதில், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூலாய் ஊர்த் தமிழர்களிடம் நான் வாங்கியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எங்கள் கையேடு ஏதோ ஒரு குளிர்நாட்டில் எழுதியது. "பிள்ளையின் கண்ணைப் பாருங்கள், புன்னகை செய்யுங்கள், வாய்விட்டுப் பாராட்டுங்கள்" என்பது அதில் இரண்டாம் பாடம். அதையே ஹோம்வொர்க்காகக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு, பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொதுமண்டபத்தை நான் திறக்கும் முன்பே பார்வதியக்கா வாசலில் நின்றார். ஐந்து வயதுப் பையனுக்குத் தாய். கோயில் விசேஷங்களுக்குச் சமைக்கிறவர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"டீச்சர், உங்க ஹோம்வொர்க்கால என் பையனுக்குக் காய்ச்சல்."

"என்னக்கா சொல்றீங்க?"

"நல்லா சாப்பிட்டான். நீங்க சொன்ன மாதிரியே கண்ணப் பார்த்து, 'எவ்வளவு அழகா சாப்பிடுறான் என் புள்ள'ன்னு சொன்னேன். சாயங்காலம் உடம்பு அனலா கொதிக்குது. உப்பு மிளகா சுத்திப் போட்டப்புறம்தான் எறங்குச்சு. பெத்தவ கண்ணே பட்டுடும்னு தெரிஞ்சும் செஞ்சேன் பாருங்க."

மற்ற தாய்மார்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட ஹோம்வொர்க் செய்திருக்கவில்லை. பிழைத்துக்கொண்ட நிம்மதி அவர்கள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

பார்வதியக்காவைத் தவிர ஹோம்வொர்க் செய்தவர் குணா மட்டும்தான். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, சிங்கப்பூர்ப் பட்டறையில் வெல்டிங் செய்பவர். மனைவிக்குச் செனாய் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரே மகள் தர்ஷினி, பதினாலு வயது, படிவம் இரண்டில் படிக்கிறாள். ஒரு கல்யாண வீட்டில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால், "கணக்குல இவ சுத்தமா பூஜ்யம்" என்று குணா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவதில்லை. பள்ளி மாறி ஈப்போவில் அத்தை வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். அத்தையும் அறையைத் தயார் செய்துவிட்டார். மகள் வீட்டைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் குணா என் வகுப்புக்கே வந்தார்.

"நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன் டீச்சர். அவ கண்ணப் பார்த்து, 'உன்னை நினைத்து நான் பெருமைப்படுகிறேன்'னு."

"என்ன சொன்னா?"

"என்கிட்ட எங்க சொன்னா? நேரா அம்மாகிட்ட ஓடிப்போய், 'அப்பாவுக்கு வேலை போயிடுச்சா'ன்னு கேட்டிருக்கா."

2. தேநீர் இடைவேளை

கோலாலம்பூரில் என் மேலாளர் புவனா. கெட்டிக்காரப் பெண், கறாரானவர். போனில் நிலவரத்தைச் சொன்னேன்.

"டீச்சர், கையேட்டுல ஒரு வரிகூட மாத்தாதீங்க. ஆளாளுக்கு மாத்தினா எது வேலை செஞ்சிச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நானே ஒரு நாள் வந்து பார்க்கிறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, வகுப்பில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன.

அடுத்த வகுப்பின் இடைவேளையில் எல்லோரும் தே தாரேக் குடித்துவிட்டுக் கப்புகளை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். பார்வதியக்கா யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சில பேருக்குக் குடிக்க மட்டும் கை வளையுது. கழுவ வளைய மாட்டேங்குது."

பெயர் இல்லை, விரல் நீட்டவில்லை. ஆனால் மூன்று பேர் எழுந்து கப்பைக் கழுவப் போனார்கள். அதில் ஒருத்தி நான்.

குழாயடியில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீடுகளில் முக்கியமான எதையும் நேராகச் சொல்வதில்லை. மாமியார் பூனையிடம் சொல்வார், மருமகள் சட்டியிடம் சொல்வாள். சேர வேண்டிய இடத்துக்கு அது சரியாகப் போய்ச் சேரும். திட்டு ஜாடையில் போய்ச் சேருமானால் பாராட்டு ஏன் சேராது?

திரும்பி வந்து இதை வகுப்பில் சொன்னேன். பார்வதியக்கா நீதிபதி மாதிரி யோசித்தார்.

"உடம்பு, அழகு, சாப்பாடு மூணையும் வாயில எடுக்கக்கூடாது. அதுலதான் கண்ணு படும். செஞ்ச வேலைய மட்டும் சொன்னா ஒண்ணும் ஆகாது லா."

கையேடும் அதையேதான் சொல்கிறது, ஆளைப் பாராட்டாதே, செயலைப் பாராட்டு என்று. அக்காவின் உத்தரவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையேட்டின் உத்தரவைவிட அதற்கு மரியாதை அதிகம்.

3. ம்

மற்றவர்கள் பிள்ளையின் காதில் விழுகிற மாதிரி, அது செய்த வேலையைப் பற்றிப் புருஷனிடமோ நாத்தனாரிடமோ பேசிக்கொண்டார்கள். குணாவுக்குத்தான் ஆள் இல்லை. அவர் வீடு திரும்பும் நேரத்தில் மனைவி வேலைக்குப் போயிருப்பார்.

"டீச்சர், உங்களுக்கே போன் பண்றேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா 'ம்' போடுங்க."

அன்று முதல் மாலையில் நான் குழம்பைக் கிண்டியபடி 'ம்' போட்டேன். "என் மகள் துணியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கா டீச்சர்." ம். "கேட்டைப் பூட்ட நான் மறந்துட்டேன், அவதான் பூட்டினா." ம். தர்ஷினி அறைக்கதவு சாத்தியே இருந்ததாம். ஆனால் அவர் போன் பேசும்போது உள்ளே பாட்டுச் சத்தம் நின்றுவிடுகிறது என்றார்.

புவனா பார்வையிட வந்த ஞாயிறு குணா வகுப்புக்கு வரவில்லை. வகுப்பு நடக்கும்போதே போன் வந்தது. கை வழுக்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

"டீச்சர், வீட்டுக்குப் பக்கத்து மேட்டுல மோட்டார் பஞ்சர். தள்ளிட்டுப் போறேன், பின்னால யாரோ தள்ளுறாங்க. திரும்பிப் பார்த்தா என் மகள். ஒரு வார்த்தை பேசல. ஆனா கடை வர்ற வரைக்கும் கையை எடுக்கல டீச்சர். அவ தள்ளலேன்னா நான் இன்னும் மேட்டுலதான் நின்னிருப்பேன்."

"ம்."

போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ட்யூப் மாத்தணுமாம். சில பேரு போன வெச்சாத்தான் கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியும்."

குணாவின் குரல் உடைந்தது.

"டீச்சர், என்கிட்டயா சொன்னா?"

அதற்கும் என் வாயில் 'ம்' மட்டும்தான் வந்தது.

புவனா எதையும் எழுதவில்லை. நோட்டை மூடிவிட்டு மின்விசிறியைப் பார்த்து, "சில பேரு கையேட்டை மாத்திட்டாங்கதான். ஆனா கிளாஸ நல்லாத்தான் நடத்துறாங்க" என்றார். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை, இருந்தாலும் பார்வதியக்கா என் இடுப்பில் ஒரு குத்துவிட்டார்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் பாடத்தில் தப்பு இல்லை. அது எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போகும் என்று பார்ப்பதுதான் நம் வேலை. பல வீடுகளில் முன்வாசல் திறக்காது. அதற்காகக் கதவை உடைக்காதீர்கள், பின்கட்டுப் பக்கம் சுற்றிப் பாருங்கள்.

பள்ளி திறக்க இருந்த சமயம், ஒரு மாலை குணாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல அடுப்பைக் குறைத்துவிட்டு எடுத்தேன்.

"டீச்சர், நான் தர்ஷினி. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா 'ம்' போடுங்க." பிறகு குரலை உயர்த்தினாள். "அப்பா இன்னிக்கு மீ கோரேங் நூடுல்ஸ் பெரட்டினாரு டீச்சர். பாதி கருகிப் போச்சு. ஆனா எனக்குப் பிடிக்கும்னு தவுக்கே மொளைப்பயறு நெறைய போட்டிருந்தாரு. இவரைத் தனியா விட்டுட்டுப் போனா வீடே கருகிடும். அதான் அத்தைகிட்ட வரலேன்னு சொல்லிட்டேன்."

பின்னால் சட்டி கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

"ம்" என்றேன்.