சிரங்கு தீர்க்கும் சோப்பு

1971ஆம் வருஷ மழைக்காலத்தில், அந்தமானின் போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரிலிருந்த சேக் தாவூதின் கடைக்குள் மருந்து இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது, ஜெயமணி தலையிலிருந்த சோப்புப் பெட்டியை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தாள்.

ஜெயமணி ஊருக்கு வெளியே இருந்த சிப்பிகாட் கிராமத்துக்காரி. ரோடு வேலையில் மண் சரிந்து கணவன் பன்னீர்செல்வத்துக்கு இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து, தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வேப்பிலைச் சாறும் கலந்து சோப்புச் செய்து விற்றுவந்தாள். காகித உறையில் சுற்றி விற்கலாம் என்பது தாவூதின் யோசனை. உறையில் அச்சடித்திருந்ததை அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் சொக்கலிங்கம் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"'சொறி சிரங்கு தீரும்'னு போட்டிருக்கே. இது சோப்பா, மருந்தா?"

"சோப்புதான் சார்" என்றார் தாவூத்.

"அழுக்குப் போகும்னு போட்டா சோப்பு. நோய் தீரும்னு போட்டா மருந்து. மருந்து செய்ய லைசென்ஸ் வேணும். இருக்கா?"

தாவூத் இல்லை என்று தலையசைத்தார். அவர் பெட்டிக்குச் சீல் வைத்தார். திங்கட்கிழமை இருவரும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாவூதின் முகம் வெளிறிவிட்டது. "தங்கச்சி, நீதான் எழுதச் சொன்னேன்னு சொல்லிடு. படிக்காத பொம்பளைன்னு விட்டுடுவாங்க. எம்மேல வந்தா கடை லைசென்சே போயிடும்."

"நான் சொல்லலையே பாய்."

"சொல்லலைதான். இந்த ஒரு தடவை..."

அவள் மழையில் இறங்கி நடந்தாள். வீட்டில் கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். "அவர் எழுதினதுக்கு நீ ஏன் ஜெயிலுக்குப் போகணும்? உள்ளதைச் சொல்லிட்டு வா" என்றான் படுக்கையிலிருந்த பன்னீர்செல்வம். அவளும் அப்படித்தான் முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை ஆபீசில் சொக்கலிங்கம் மேசை மேல் பாதி கரைந்த சோப்பு ஒன்றை வைத்தார்.

"ஆஸ்பத்திரி டாக்டர் அனுப்பினது. மூணு வயசுப் பெண் குழந்தை. உடம்பெல்லாம் சிரங்கு. மருந்தே போடாம, இந்த சோப்பை மட்டும் பன்னிரண்டு நாள் தேய்ச்சிருக்காங்க. புண்ணு சீழ் வச்சு, காய்ச்சல்ல நினைவில்லாம கொண்டுவந்திருக்காங்க."

பஸ் நிறுத்தத்தில் குழந்தையோடு நின்ற வங்காளிப் பெண் ஜெயமணியின் நினைவுக்கு வந்தாள். சரளா என்று பேர் சொன்னாள். குழந்தையின் காலைக் காட்டி, சரியாகுமா என்று இந்தியில் கேட்டாள். "டீக் ஹோ ஜாயேகா, தீதி", சரியாயிடும் அக்கா என்று சொல்லி சோப்பைக் கையில் கொடுத்தவள் ஜெயமணிதான்.

"உறையில இதை எழுதினது யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

தாவூத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினது பாய்தான் சார்" என்றாள். தாவூத் கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா அந்தப் புள்ளையோட அம்மா உறையைப் படிச்சு வாங்கல. சரியாயிடும்னு நான் வாயால சொன்னேன். அதையும் எழுதிக்குங்க."

சொக்கலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்களுக்கே கேடும்மா. கேஸ் ஆகலாம்."

"தெரியுது சார். குழந்தை பிழைச்சிடுமா?"

"இன்னும் சொல்ல முடியாதாம்."

அவள் கைநாட்டு வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சரளா அவளைக் கண்டதும் எழுந்து வாசலை மறித்து நின்றாள். உள்ளே விடவில்லை. ஜெயமணி வராந்தாவின் கோடியில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். நான்காம் நாள், குழந்தை கண் விழித்துக் கஞ்சி குடித்ததாக ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். ஜெயமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. வழக்கில்லை, இருவருக்கும் எழுத்து மூலம் எச்சரிக்கை. உறைகள் எல்லாம் எரிக்கப்பட்டன. செய்பவர் பெயர், ஊர், எடை ஆகிய மூன்றையும் உறையில் அச்சிட்டு வெறும் குளியல் சோப்பாக விற்கலாம். நோயின் பெயர் எங்கும் வரக் கூடாது.

தாவூத் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவராகவே புது உறை அச்சடித்துக்கொண்டு வந்து, அதிலிருந்த ஒவ்வொரு சொல்லையும் அவளுக்கு வாசித்துக் காட்டினார். வியாபாரம் பாதியாகக் குறைந்தது. சிரங்குக்குக் கேட்டு வந்தவர்களிடம், "குளிக்கத்தான் இது. புண்ணுன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள்.

சரளா மட்டும் பஸ்ஸில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது நியாயம்தான் என்று ஜெயமணி கணவனிடம் சொன்னாள்.